தூக்கத்தைத் திருப்பித் தந்த ஆசான்: திருமலை கிருஷ்ணமாச்சாரியார்



ஜொகூரில் வளர்ந்தவர்களுக்குத் தம்போய் என்பது வெறும் ஊர்ப்பெயர் அன்று. 1937ஆம் ஆண்டில் அங்கே மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று பெர்மாய் மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான். அன்று முதல் அந்த ஊரின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. எங்கள் செடெனாக் பக்கத்தில் ஒருவர் சற்றே மாறாகப் பேசினாலும் போதும், இவரைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சிரித்துவிடுவார்கள். வடக்கே உள்ளவர்கள் இதே ஏளனத்துக்குத் தஞ்சோங் ரம்புத்தானைப் பயன்படுத்துகிறார்கள். 1911ஆம் ஆண்டிலிருந்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. ஏளனத்துக்கு அஞ்சியே நம்மவர் பலர் தூக்கம் இல்லை, பயமாக இருக்கிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று வெளியில் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வார்கள்.

நம் நாட்டின் தேசிய உடல்நல ஆய்வு 2019ஆம் ஆண்டில் மனச்சோர்வு உள்ளோரை நூற்றுக்கு 2.3 எனக் கணக்கிட்டது. 2023ஆம் ஆண்டில் அது 4.6 ஆயிற்று. ஏறக்குறைய பத்து லட்சம் பேர்! அவர்களில் நம் விடுதி அறைத் தோழர்களும் இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை அந்த உடம்பின் வழியாகவே பிடித்து, மனத்தைத் தொட்ட ஒருவரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அவர் மனநல மருத்துவர் அல்லர். ஆங்கில மருத்துவம் படித்தவரும் அல்லர். தம் வாழ்வின் கடைசி முப்பத்தேழு ஆண்டுகளைச் சென்னையில் கழித்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் அவர்.

அவர் பிறந்தது 1888ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள். ஊர், அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் சித்திரதுர்க்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரம். தந்தையார் வேதம் கற்பித்தவர். முதல் பாடங்களை மகன் அவரிடமே கற்றார். பத்து வயதளவில் தந்தையார் மறைந்துவிடவே, குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தில் படிப்பு தொடர்ந்தது.

இவருடைய குடும்பத்தார் தங்களை வைணவப் பெரியார் நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்தவர் நாதமுனிகள் என்பது தமிழ் படித்த நமக்குத் தெரிந்ததே. பதினாறு வயதில் கிருஷ்ணமாச்சாரியார் தென்னாட்டுக்குப் பயணம் வந்தார். தாமிரபரணிக் கரையில், நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரியில், தம்மை மறந்த ஒரு நிலையில் நாதமுனிகளே யோக இரகசியத்தைத் தமக்கு ஓதியதாகப் பிற்காலத்தில் தம் மாணவர்களிடம் கூறியிருக்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என் கண்ணுக்குப் பட்டது வேறு. கன்னட நாட்டில் பிறந்த ஒருவர் தம் கல்வியின் வேரைத் தேடித் தமிழ்நாட்டின் ஒரு புளியமரத்தடிக்கு வந்திருக்கிறார்.

பிறகு காசி, பாட்னா என்று வடநாட்டில் நீண்ட படிப்பு. தருக்கம், வேதாந்தம், ஆயுர்வேதம் என ஒன்றையும் விடவில்லை. இமயத்துக்கு அப்பால், மானசரோவர் ஏரிக்கு அருகே, இராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை ஆண்டுகள் யோகம் பயின்றதாகவும் அவர் கூறியிருக்கிறார். இதற்கு அவருடைய சொல்லைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். மேலும், மைசூர் அரண்மனையில் அந்நாளில் இருந்த மல்யுத்தப் பயிற்சியும் மேல்நாட்டு உடற்பயிற்சி முறைகளும் இவருடைய ஆசனப் பயிற்சியில் கலந்திருக்கின்றன என்பதும் அவர்களில் சிலரின் முடிபு. கலந்திருந்தால் அதில் குறை ஒன்றும் இல்லை என்பதே என் எண்ணம். எங்கிருந்து வந்தது என்பதைவிட அதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் நமக்குத் தேவை.

1925ஆம் ஆண்டில் நாமகிரியம்மாளை மணந்தார். கற்றவருக்கு மடங்களிலும் கல்லூரிகளிலும் நல்ல பதவிகள் காத்திருந்த காலம் அது. இவரோ யோகம் கற்பிப்பதையே தொழிலாகக் கொள்வது என்று முடிவு செய்துவிட்டார். யோகத்துக்குச் சம்பளம் கொடுக்க யார் இருந்தார்கள்? வறுமை வந்தது. உடுத்த துணியில்லாமல் மனைவியின் சேலையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்ட நாளும் உண்டாம். கடைசியில் ஹாசன் மாவட்டத்தில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலைக்குச் சேர்ந்தார். நம் வழக்கில் சொன்னால் கங்காணி வேலை. ஆறு தரிசனங்களையும் கற்றவர் பகலில் தோட்டத்து ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று யோகத்தைப் பற்றிப் பேசினார், ஆசனங்களைச் செய்து காட்டினார். இப்படி ஒரு செயல்விளக்கத்தை 1927ஆம் ஆண்டில் ஹாசனில் கண்டு மயங்கிய பன்னிரண்டு வயதுச் சிறுவன்தான், பின்னாளில் அஷ்டாங்க யோகத்தை உலகெங்கும் பரப்பிய பட்டாபி ஜோயிஸ்.

தோட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. உடலை அசைத்தால் மனம் தெளியும் என்று யாரேனும் செடெனாக்கில் வந்து சொன்னால், விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, நாள் முழுவதும் செம்பனைக் குலை அறுத்துச் சுமந்து திரும்பும் தொழிலாளி சிரிப்பார். அவர் அசைக்காத உடம்பா? சிரிப்பு நியாயமானதுதான். இன்றைய ஆய்வுகளும் அவர் பக்கமே பேசுகின்றன. ஓய்வு நேரத்தில் ஒருவர் தாமே விரும்பிச் செய்யும் உடலியக்கத்தால் மனநலத்துக்குக் கிடைக்கும் நன்மை, பிழைப்புக்காகச் செய்யும் உடலுழைப்பில் அதே அளவில் காணப்படுவதில்லை. தசை ஒன்றுதான், வியர்வை ஒன்றுதான். ஆனால் கட்டாயத்தின் பேரில் அசைவதை மனம் வேறாகக் கணக்கு வைக்கிறது. கிருஷ்ணமாச்சாரியாரின் வாழ்க்கையில் இந்த வேறுபாடு மிகக் கசப்பான வடிவத்தில் வரப்போகிறது.

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் கண்ணில் பட்டதும் காலம் மாறியது. நீரிழிவு முதலிய நோய்களால் அவதியுற்றிருந்த மன்னர் இவருடைய பயிற்சியால் பயனடைந்தார். 1933ஆம் ஆண்டில் ஜகன்மோகன் அரண்மனையில் இவருக்கென யோகசாலை ஒன்றைத் திறந்துகொடுத்தார். 1934இல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். 1938இல் அதன் தமிழ்ப் பதிப்பு மதுரையில் அச்சாகி வெளிவந்தது. இன்று உலகம் முழுவதும் ஆங்கிலத்தில் படிக்கப்படும் இந்த நூல் ஆங்கிலத்துக்கு வெகுகாலம் முன்பே தமிழுக்கு வந்துவிட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

யோகசாலை நாட்களின் கிருஷ்ணமாச்சாரியார் கடுமையானவர். எதிரே அவர் வந்தால் மைசூர்க்காரர்கள் தெருவின் மறுபக்கத்துக்கு ஒதுங்கிவிடுவார்களாம். மன்னருக்காகவும் விருந்தினருக்காகவும் அடிக்கடி செயல்விளக்கம் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு வில்லாய் வளையும் சிறுவர்கள் தேவைப்பட்டார்கள்.

அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர், நாமகிரியம்மாளின் தம்பி சுந்தரராஜன். 1934ஆம் ஆண்டில் மைசூருக்கு வந்தபோது வயது பதினைந்தோ பதினாறோ. மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடுத்தடுத்து வாட்டியதில் எலும்பும் தோலுமாக இருந்தார். உடல் தேறட்டும் என்றுதான் அக்காள் வீட்டுக்கு வந்தார். முதலில் அத்தான் அவரைப் பொருட்படுத்தவே இல்லை. செயல்விளக்கத்தில் சிறந்து விளங்கிய ஒரு மாணவன் திடீரென ஓடிவிட, அந்த இடத்தை நிரப்ப மைத்துனரைப் பிடித்தார். சில நாட்களுக்குள் கடினமான ஆசனங்களை எல்லாம் செய்து காட்டும்படி ஆணை. ஒரு முறை கூட்டத்தின் முன்னால், இரு கால்களையும் முன்னும் பின்னுமாக முழுக்க நீட்டித் தரையில் அமரும் அனுமனாசனத்தைச் செய்யச் சொன்னார். தப்பித்துக்கொள்ள எண்ணிய சிறுவன் கால்சட்டை இறுக்கமாக இருப்பதாகக் காரணம் சொன்னார். குரு கத்தரிக்கோலைக் கொண்டுவரச் செய்து, கால்சட்டையின் ஓரங்களை வெட்டிவிட்டு, இப்போது செய் என்றார். சிறுவன் செய்தார். தொடைத்தசை கிழிந்து நெடுங்காலம் சரியாக நடக்க முடியாமல் போயிற்று. அந்தச் சிறுவன்தான் பி.கே.எஸ். ஐயங்கார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். குருவை அவர் கடைசிவரை வணங்கினார். ஆனால் அந்த அச்சத்தையும் அவர் மறைக்கவில்லை.

இந்தப் பகுதியைப் பல வாழ்க்கை வரலாறுகள் குருபக்தி என்ற போர்வையால் மூடிவிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உடற்பயிற்சி மனத்துக்கு மருந்து என்று எழுதுகிறவர்கள், அதே பயிற்சி அச்சுறுத்தலோடு கொடுக்கப்பட்டால் மனத்தில் காயம் ஏற்படுத்தும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பள்ளித் திடலில் கடைசியாக ஓடிவந்து எல்லார் சிரிப்புக்கும் ஆளானவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களில் எத்தனை பேர் பள்ளிக்குப் பிறகு ஒரு பந்தைத் தொட்டிருப்பார்கள்?

இதே காலத்தில்தான் அவரிடம் ஒரு மாற்றத்துக்கான விதையும் விழுந்தது. 1937இல் இந்திரா தேவி என்ற பெண்மணி யோகசாலைக்கு வந்தார். ரிகா நகரில் பிறந்தவர், செக்கோஸ்லோவாக்கிய அரசதந்திரி ஒருவரின் மனைவி, இதய நலிவால் அவதிப்பட்டவர். பெண்ணுக்கும் வெளிநாட்டவருக்கும் கற்பிப்பதில்லை என்று கிருஷ்ணமாச்சாரியார் மறுத்துவிட்டார். மன்னர் எடுத்துச் சொன்ன பிறகே இசைந்தார். ஓடிவிடட்டும் என்றோ என்னவோ, கடுமையான உணவுக் கட்டுப்பாடும் நேர ஒழுங்கும் விதித்தார். அவர் ஓடவில்லை. இறுதியில் குருவே அவரைத் தனியாக உட்காரவைத்துக் கற்பித்து, பிறருக்கும் கற்றுக்கொடுக்கும்படி பணித்தார். 1947இல் அமெரிக்காவின் ஹாலிவுட்டில் அவர் யோகப் பள்ளியைத் திறந்தார்.

இந்த ஆண்டுகளில் தெரேஸ் புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவிகளோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளின் நாடித்துடிப்பைப் பதிவு செய்தார். கிருஷ்ணமாச்சாரியார் தம் இதயத் துடிப்பையே அடக்கிக் காட்டினார் என்ற கதை அதிலிருந்து பரவியது. அந்த வித்தையைக் கற்றுத்தரும்படி பிற்காலத்தில் மகன் கேட்டபோது அவர் மறுத்துவிட்டாராம். அதனால் எவருக்கும் பயன் இல்லை என்பது காரணம். வியக்கவைப்பதில் அவருக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்பதை இதில் காணலாம்.

ஆர்வம் தானாகக் குறைந்ததா, காலம் குறைத்ததா? மன்னர் 1940இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானங்களின் காலம் முடிந்தது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர், பெரிய குடும்பம், வேலை இல்லை. அவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

1952ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. புகழ்பெற்ற சட்ட வல்லுநர் ஒருவர் பக்கவாதத்தால் படுத்திருந்தார். அவருக்குப் பயிற்சி அளிக்க வந்த கிருஷ்ணமாச்சாரியார் சென்னையிலேயே தங்கிவிட்டார். மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் சிலகாலம் கற்பித்தார். இங்கே அரண்மனை இல்லை, கூட்டம் இல்லை, வளைந்து காட்ட வேண்டிய சிறுவர்களும் இல்லை. தேடி வந்தவர்கள் நோயாளிகள், வயதானவர்கள், பிள்ளைப்பேறு கண்ட பெண்கள், அலுவலகத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்தவர்கள். அனுமனாசனத்தை வைத்துக்கொண்டு இவர்களை என்ன செய்வது?

இங்கேதான் அவருடைய உண்மையான பணி தொடங்கியது என்பேன். வந்தவரை முதலில் உட்காரவைத்து நாடியைப் பார்த்தார். எப்படி மூச்சு விடுகிறார், எப்படி நடக்கிறார், தோலின் நிறம் என்ன, குரல் எப்படி, என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார் என்று எல்லாவற்றையும் கவனித்தார். ஆயுர்வேதம் கற்றது இப்போது கைகொடுத்தது. பிறகு அந்த ஒருவருக்கென்று மட்டும் பயிற்சி வகுத்தார். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்குக் கொடுக்கமாட்டார். சென்ற மாதம் கொடுத்ததை இந்த மாதம் மாற்றிவிடுவார். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே பாடம். பயிற்சி மனிதனுக்கு ஏற்ப வளைய வேண்டும், மனிதன் பயிற்சிக்கு ஏற்ப அல்ல என்பதே சென்னைக் காலத்தில் அவர் கண்ட முறை. கத்தரிக்கோல் எடுத்த அதே கைகள்தான் இவை!

அந்த முறையின் உயிர்நாடி மூச்சு. கையை உயர்த்த வேண்டுமானால் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே உயர்த்த வேண்டும். இறக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். மூச்சு முன்னே செல்ல, உடல் பின்னே வரும். மூச்சு தடுமாறினால் அந்த ஆசனம் அன்றைக்கு அவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். உடனே எளிதாக்கிவிடுவார். சோர்ந்து துவண்டவருக்கு உள்மூச்சை நீட்டி மார்பை விரிக்கும் அசைவுகள் தரப்பட்டன. இதற்குப் பிரும்ஹணம் என்று பெயர். பதறிக் கொதிப்பவருக்கு வெளிமூச்சை நீட்டி முன்னே குனியும் அசைவுகள். இது லங்கனம். நம் பாட்டிமார் பட்டினி போடுவதை லங்கணம் என்பார்களே, அதே சொல்தான். இங்கே குறைக்கப்படுவது பதற்றம்.

இதற்கு இன்றைய உடலியலில் விளக்கம் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவுபடுகிறது. வெளிவிடும்போது வேகஸ் என்னும் நரம்பின் செயலால் துடிப்பு மெதுவாகிறது. வெளிமூச்சு நீள நீள, உடல் அமைதி நிலைக்குத் திரும்புகிறது. தேர்வு மண்டபத்தின் வாசலில் நெஞ்சு படபடக்க நிற்கும்போது படபடக்காதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டால் அது கேட்பதில்லை. இதயத்துக்கும் நாம் ஆணையிட முடியாது. மூச்சு ஒன்றுதான் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும்.

தூக்கத்தின் கதைக்கு வருவோம். கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சார் 1938இல் பிறந்தவர். பொறியியல் பட்டம் பெற்றவர். தந்தையின் கலையில் அவருக்குச் சிறிதும் நாட்டம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, வீட்டுத் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். வாசலில் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், வெளியே வந்த தந்தையாரைக் கண்டதும் ஓடிச்சென்று கட்டித் தழுவிக்கொண்டார். நெற்றியில் நாமமும் ஆசாரமுமாக வாழ்ந்த பெரியவரைத் தெருவில் அந்நியப் பெண் ஒருவர் தழுவுவதைக் கண்ட மகன் திடுக்கிட்டுப் போனார். அவர் போன பிறகு தந்தையிடம் விசாரித்தார். நியூசிலாந்து நாட்டவரான அப்பெண்மணி பல ஆண்டுகளாகத் தூக்க மாத்திரை இல்லாமல் உறங்கியதே இல்லை. முதல்நாள் இரவு மாத்திரை இல்லாமல் தூங்கிவிட்டார். அதற்கான நன்றிதான் அந்தத் தழுவல்.

மகனுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று நினைக்கிறேன். பணமும் காரும் பெரிய மருத்துவர்களும் தரமுடியாத ஒன்றை, ஆங்கிலம் சரியாகப் பேசவராத தம் தந்தை எப்படித் தந்தார் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பொறியாளர் வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடம் மாணவராகச் சேர்ந்தார். தந்தையோ எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொள்ளவில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்குப் பாடம் என்று சொல்லி மகனின் உறுதியைச் சோதித்தார்.

1976ஆம் ஆண்டில் தேசிகாச்சார் தந்தையின் பெயரால் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். சிகிச்சைக்காக வருபவரை ஒவ்வொருவராகப் பார்த்துப் பயிற்சி வகுத்துத் தரும் அந்த முறை அங்கே ஒரு நிறுவனத்தின் ஒழுங்கைப் பெற்றது. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ஆசனம் கற்பிக்கும் முயற்சியிலும் மந்திரம் 1980களில் இறங்கியது. ஒரு சொல்லைப் பின்பற்றச் சிரமப்படும் குழந்தை, எதிரே நிற்கும் ஆசிரியரின் கை உயர்வதைப் பார்த்துத் தன் கையை உயர்த்திவிடுகிறது.

இங்கே ஒரு தடை போட வேண்டும். யோகம் செய்தால் மருந்து வேண்டாம் என்று முகநூலிலும் புலனத்திலும் உலவும் செய்திகளுக்கு இக்கட்டுரை துணைபோகாது. ஆய்வுகள் சொல்வதைக் கவனியுங்கள். 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் மனச்சோர்வு நோயுள்ள, வயது முதிர்ந்த 156 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு மருந்து, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரங்கள் கழித்து மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மருந்து விரைவில் வேலை செய்யத் தொடங்கியது என்பதும் அதே ஆய்வில் உண்டு. மனச்சிதைவு நோய் வேறு வகை. பெங்களூரு தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகள் வழக்கமான மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டார்கள். அதோடு ஒரு பிரிவினர் யோகமும் மற்றொரு பிரிவினர் சாதாரண உடற்பயிற்சியும் செய்தார்கள். நான்கு மாதங்களில் யோகப் பிரிவினரிடம் நோய்க்குறிகள் கூடுதலாகக் குறைந்தன, பிறரோடு பழகும் திறனும் மேம்பட்டது. மருந்தோடு சேர்த்து என்பதே இதில் அடிக்கோடிட வேண்டிய இடம். தம்போய்க்குப் போக வேண்டியவர் தம்போய்க்குப் போகத்தான் வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

யோகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு விரைந்து நடப்பதும் அதில் சேரும். கிருஷ்ணமாச்சாரியார் இந்தக் கணக்கைப் பார்த்திருந்தால் ஒன்று கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. யாருக்கு 150 நிமிடம்? இரவுப் பணி முடித்து வந்தவருக்கா, பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆனவருக்கா, ஒரு வாரமாகக் கட்டிலை விட்டு எழ மனமில்லாமல் கிடப்பவருக்கா? கடைசியாகச் சொன்னவருக்கு முதல் பயிற்சி, எழுந்து சன்னலைத் திறப்பதாகவே இருக்கக்கூடும்.

அவர் தமக்கும் இந்த முறையையே கையாண்டார். 96ஆம் வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு அவர் இசையவில்லை. (இதை யாரும் பின்பற்ற வேண்டாம்.) படுத்தபடியே செய்யக்கூடிய அசைவுகளைத் தாமே தமக்கு வகுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் மைசூர் அரண்மனையில் ஓடும் காரை நிறுத்தினார், இதயத்தை நிறுத்தினார் என்றெல்லாம் கதைகளுக்கு ஆளானவர், இப்போது கட்டிலில் கிடந்து, மூச்சோடு சேர்த்துக் கையைச் சற்றே உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தார். மாணவர்கள் வந்தால் படுக்கையிலிருந்தே பாடம் சொன்னார். வேதம் ஓதும் குரல் மட்டும் தளரவில்லை.

1988ஆம் ஆண்டில் அவருடைய நூற்றாண்டு விழா கொண்டாடப்பட்டது. ஓராண்டுகூட முழுமை பெறாத நிலையில், 1989 பிப்ரவரி 28ஆம் நாள் சென்னையில் காலமானார். ஐயங்கார் 2014ஆம் ஆண்டிலும் தேசிகாச்சார் 2016ஆம் ஆண்டிலும் மறைந்தார்கள். ஐக்கிய நாட்டு நிறுவனம் ஜூன் 21ஆம் நாளை அனைத்துலக யோக நாளாக அறிவித்தது 2014ஆம் ஆண்டில். இன்று எத்தனையோ நாடுகளில் பாய் விரித்து மூச்சோடு கையுயர்த்தும் மக்களில் பெரும்பாலோருக்கு இவருடைய பெயர் தெரியாது. இவரும் தம் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடல் கடந்து போனதில்லை.